இட்லி மாவுக் கால்கள்

ஒரு மாதக் குழந்தையின் காலளவே கொண்ட ஒரு குழந்தை தானாக எழுந்து, சமையலறையிலிருந்து கூடத்தைக் கடந்து, வாசற்படி இறங்கி, சிட்லபாக்கம் ஏரிக்கு நடந்து போய்விட்டது என்று நான் ஒருமுறை முழு மனதோடு நம்பியிருக்கிறேன். நம்பியதோடு நிற்காமல் அதைக் காப்பாற்ற ஏரியிலும் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பது இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்றைக்குக் கண்ணை மூடினாலும் அந்தக் காலடிகள் தெரிகின்றன. ரெட் ஆக்சைடு பூசிய சிவப்புத் தரையில், ஈரம் இன்னும் காயாத வெள்ளைப் பாதங்கள். ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். விரல்கள்கூடப் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. கட்டைவிரல் நீளத்தில் காலுள்ள குழந்தை எப்படி நடக்கும் என்று கேட்க வேண்டிய இடத்தில்தான் எனக்கு மூளை இருந்திருக்க வேண்டும். அங்கே அன்றைக்கு ஒரு மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஏரிக்கு இந்தப் பக்கம், மண் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் தினமும் தாம்பரம் சானடோரியத்தில் மின்சார ரயில் பிடித்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் தொங்கிக்கொண்டு போகும் குமாஸ்தா. மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊருக்கெல்லாம் லீவு என்றால் அவளுக்கு மட்டும் டியூட்டி இருக்கும். பண்டிகை நாளில்தானே எல்லோரும் வெளியூருக்கு டிரங்கால் போடுவார்கள். எங்களுக்கு ஒரே பெண், நான்கு வயதை எட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லாமல் டீச்சரைப் பற்றிச் சொல்ல முடியாது. டீச்சரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெண்ணுக்குக் கையில் எதுவும் படக்கூடாது. மணல், மாவு, சோறு, களிமண், வெல்லப்பாகு, ஈரமான இலை என்று எது பட்டாலும் கை இரண்டையும் எங்களை நோக்கி நீட்டி, யாரோ சூடு வைத்துவிட்ட மாதிரி அலறுவாள். துடைத்துவிட்ட பிறகும் அடங்கக் கொஞ்ச நேரமாகும். பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போனால் செய்தித்தாளை விரித்து அதன் நடுவில் உட்காருவாள், கடலைப் பார்க்க வந்த ஜட்ஜ் மாதிரி. சாப்பாடு ஸ்பூனில்தான், அதுவும் ஊட்டிவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் உள்ளங்கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நிற்பாள். அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம். அங்கே யார் துடைத்துவிடுவார்கள்? என் மனைவி இதை நினைத்துச் சில இரவுகள் அழுதிருக்கிறாள். நான் அழவில்லை, ஜோக் அடித்தேன். கலெக்டர் ஆகப் போகிற கை, அதான் இப்பவே ஃபைலைத் தவிர எதையும் தொட மாட்டேங்குது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். எனக்குப் பயம் வந்தால் ஜோக் வரும். பயம் ரொம்ப வந்தால் ஜோக்கும் நின்றுவிடும் என்பதை அந்தக் கோகுலாஷ்டமிக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

டீச்சர் வீடு எங்கள் தெருவின் கடைசியில், ஏரிக்கரைக்குச் சரிவு இறங்கும் இடத்தில் இருந்தது. தாம்பரத்தில் ஒரு நர்சரி பள்ளியில் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தவர். வயதில் என்னைவிட இரண்டொரு வருஷம் பெரியவராக இருக்கலாம். கிறிஸ்துவர். கணவருக்கு வடக்கே எங்கோ வேலை, வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டோடு ஒட்டி ஒரு கார் ஷெட். கார் இருந்ததில்லை, வரப்போவதுமில்லை. வெயிலுக்காக முன்பக்கம் ஒரு சாக்குத் திரையைத் தொங்கவிட்டிருந்தார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அந்த ஷெட்டில் தெருக் குழந்தைகளுக்கு வகுப்பு நடக்கும். என்ன சொல்லித்தருகிறார் என்று ஆரம்பத்தில் யாருக்கும் விளங்கவில்லை. உள்ளே போன குழந்தை, வெளியே வரும்போது வேறு நிறத்தில் வரும்.

நான் முதன்முதலில் எட்டிப் பார்த்தபோது ஆறேழு பிளாஸ்டிக் பேசின்களை வரிசையாக வைத்திருந்தார். ஒன்றில் கேழ்வரகு, ஒன்றில் ஊறவைத்த ஜவ்வரிசி, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் ஈர மணல், இன்னொன்றில் துணி சோப்பை நுரைத்துப் பொங்கவைத்த நுரை. குழந்தைகளின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, உள்ளே கையை விட்டு என்னவென்று சொல்லச் சொன்னார். ஜவ்வரிசியில் கைவிட்ட பையன் “டீச்சர், கண்ணு டீச்சர், நிறைய கண்ணு” என்று கத்த, மற்றதுகளெல்லாம் சந்தோஷத்தில் பேயாட்டம் போட்டன. என் மனைவியிடம் வந்து சொன்னேன்: ஊரில் மளிகையை வாங்கிச் சமைப்பார்கள், இந்த அம்மா வாங்கிக் குழப்புகிறார். ஆனாலும் அடுத்த லீவுக்கு எங்கள் பெண்ணை அங்கே சேர்த்தது நாங்கள்தான். டாக்டரிடம் போகலாமா என்று மனைவி கேட்டபோது, முதலில் டீச்சரிடம் போகலாமே என்று சொன்னது நான்தான். டாக்டர் ஏதாவது பெயர் வைத்துவிடுவாரோ என்கிற பயம்.

முதல் நாள் நான் பெண்ணோடு ஷெட்டுக்குள் போய் நின்றேன். ஒரு கையில் துண்டு, மறு கையில் சோப்பு டப்பா. டீச்சர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

“அழுக்குன்னா சோப்பு போட்டா போயிடும் சார். இன்னும் அழுக்கே ஆகல, நீங்க ஏன் இப்பவே சோப்போட நிக்கிறீங்க?”

அவர் சிரிக்காமல்தான் கேட்டார். நான் சிரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. துண்டையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சாக்குத் திரையின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அது அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ் சமயம். பெரிய அட்டை ஒன்றைக் குழந்தைகளின் உயரத்துக்கு, சுவரில் தாழ்வாக ஆணியடித்து மாட்டியிருந்தார். அடியில் ஒரு தொட்டி, அதிலிருந்து பழுப்பாக ஒரு தண்டு, அவ்வளவுதான் வரைந்திருந்தது. குழந்தைகள் ஒவ்வொன்றாகப் பச்சைப் பெயிண்டில் உள்ளங்கையைத் தோய்த்து அட்டையில் அப்பின. கீழ்வரிசையில் நிறையக் கைகள், மேலே போகப் போகக் கொஞ்சம். அது ஒரு மரமாகிவிட்டது. விரல்களெல்லாம் ஊசியிலை மாதிரி விரிந்திருந்தன. நான்கூட ஒரு நிமிஷம் கிண்டலை மறந்து பார்த்தேன். என் பெண்ணின் முறை வந்தது. கையை அக்குளிலிருந்து எடுக்கவே இல்லை. டீச்சர் கெஞ்சவும் இல்லை, பிடித்து இழுக்கவும் இல்லை. “சரி, இது உன் இடம்” என்று மரத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

அந்த வட்டம் காலியாகவே இருந்தது. பொங்கலுக்கு மஞ்சள் கைகளால் ஒரு சூரியன் செய்தார்கள், கோடை லீவில் நீலக் கைகளால் மீன்கள். என் பெண் தவறாமல் போனாள், முக்காலியில் உட்கார்ந்தாள், அக்குளில் கையோடு எல்லாவற்றையும் பார்த்தாள், திரும்பி வந்தாள். சூரியனும் மீனும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. கிறிஸ்துமஸ் மரம் மட்டும் போகவில்லை. எங்கள் பையன் கையைக் கொடுங்களேன், கண்ணாடி போட்டு மாட்டுகிறோம் என்று ஒரு அம்மா வந்து கேட்டார். மரம் இன்னும் முடியவில்லை என்று டீச்சர் அனுப்பிவிட்டார். ஈஸ்டர் போயிற்று, ஆடி போயிற்று, ஆகஸ்டிலும் அந்த மரம் நின்றது. இயேசுவே அடுத்த பிறந்தநாளுக்குத் தயாராகிவிட்டார், இந்த மரம் போன பிறந்தநாளை விடமாட்டேங்குது என்று நான் தெருவில் ஜோக் அடித்தேன். நன்றாகச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் அந்த வட்டம்தான் கண்ணில் நிற்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கோகுலாஷ்டமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கிருஷ்ணர் பாதம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பெரும்பாலும் இந்துக்கள், அவர்கள் பண்டிகையையும் விடக்கூடாது என்பது அவர் கட்சி. விரல்களை மடக்கிய கைமுட்டியின் பக்கவாட்டை அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தரையில் ஒற்றி எடுத்தால் பாதம், மேலே விரல் நுனியால் பொட்டு வைத்தால் விரல்கள். இதை அவர் தெருப் பெண்களிடம் கேட்டுத்தான் கற்றார். கேட்கும்போது, கால் உள்ளே வருகிற மாதிரி போடணுமா, வெளியே போகிற மாதிரியா என்று ஒரு சந்தேகம் கேட்டாராம். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கிருஷ்ணரை யாராவது வெளியே அனுப்புவார்களா? வாசலிலிருந்து உள்ளே, பூஜை அலமாரி வரைக்கும். எந்த வீட்டிலும் எந்தக் காலத்திலும் அது மாறியதில்லை. டீச்சர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “உள்ள வர்ற காலு, உள்ள வர்ற காலு” என்று குழந்தைகளோடு பாட்டாகவே பாடி, தெருவிலிருந்து ஷெட்டுக்குள் கைமுட்டியை ஒற்றவைத்தார். என் பெண் வழக்கம்போல முக்காலியில் இருந்தாள்.

எங்கள் வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. என் பெரியப்பா காலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆகவே கோகுலாஷ்டமி அன்று சீடை இல்லை, முறுக்கு இல்லை, பாதம் இல்லை. எனக்கு ஆபீஸ் லீவு, மனைவிக்கு டியூட்டி. காலையிலேயே கிரைண்டரில் மாவு அரைத்து, பெரிய பாத்திரத்தில் ஊற்றி, சமையலறைத் தரையில் ஒரு தட்டின்மேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள். போகும்போது இரண்டே வேலை சொன்னாள்: மாவு பொங்கினால் வேறு பாத்திரத்தில் மாற்றணும், குழந்தையைப் பார்த்துக்கணும். அதே வரிசையில்தான் சொன்னாள், சத்தியமாக. மதியம் பெண்ணுக்கு ரசம் சாதம் ஊட்டி, பாயில் படுக்கவைத்து, நானும் பக்கத்தில் பேப்பரோடு சாய்ந்தேன். மழை வரும்போல் இறுக்கமாக இருந்தது. பேப்பர் எப்போது முகத்தில் விழுந்தது என்று தெரியாது.

விழித்தபோது பாயில் பெண் இல்லை. பாத்ரூமில் இருப்பாள் என்று எழுந்தேன். இல்லை. கட்டிலுக்கு அடியில், கதவிடுக்கில், பீரோவுக்குப் பின்னால் எங்கும் இல்லை. கிணறு பின்பக்கம் இருக்கிறது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பின்கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது, அந்தத் தாழ் அவளுக்கு எட்டாது. அந்தத் தாழைத் தொட்டுக்கொண்டு ஒரு நொடி நின்றேன். மனிதனுக்குக் கதவுத் தாழ்மேல் அவ்வளவு பாசம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரும்பினேன். மாவுப் பாத்திரத்தின் மூடி கீழே கிடந்தது. மாவு பொங்கி வழிந்து தட்டெல்லாம் வெள்ளை. அங்கிருந்துதான் கால்கள் புறப்பட்டிருந்தன.

சமையலறை வாசல், கூடம், வராந்தா, படி என்று இடது வலது இடது வலதாகப் போயிருந்தன. எல்லாம் வெளியே பார்த்து இருந்தன. வாசற்கதவு திறந்திருந்தது. அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது.

அந்த நிமிஷத்தில் என் மண்டைக்குள் ஓடியதை இப்போது நிதானமாகப் பிரித்து எழுத முடிகிறது. இது கிருஷ்ணர் கால் இல்லை, ஏனென்றால் நம் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை இல்லை. இருந்தாலும் கிருஷ்ணர் உள்ளேதான் வருவார், வெளியே போகிற பாதத்தை உலகத்தில் யாரும் போட மாட்டார்கள். கையால் போட்டிருக்கவும் முடியாது, ஏனென்றால் வீட்டில் இருந்தவள் என் பெண், அவள் உயிரே போனாலும் மாவில் கை வைக்க மாட்டாள். ஆகவே மாவில் மிதித்துவிட்டு நடந்து போயிருக்கிறாள். கோர்ட்டில் நிற்கக்கூடிய வாதம். ஒரே ஒரு ஓட்டை, அவள் காலின் அளவு. அவளுக்கு வாங்கிய செருப்பு என் கண்ணெதிரே கிடந்தது, பாதம் அதில் பாதிகூட இல்லை. நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத் தாண்டி ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே மண் ரோடு. மண்ணில் பாதம் தெரியவில்லை, ஆனால் அங்கங்கே வெள்ளைச் சொட்டு. சொட்டுகள் ஏரிப் பக்கமாகப் போயின. தெருவில் ஆளே இல்லை. மதியத் தூக்கமும் சீடை வேலையுமாக எல்லா வீடும் கதவடைத்திருந்தன. எங்கோ ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. டீச்சர் வீட்டுக்குத்தான் வந்திருப்பாள் என்று தோன்றியது. கேட்டில் பூட்டு. அந்தப் பூட்டைப் பிடித்து உலுக்கினேன். “டீச்சர், டீச்சர்” என்று கத்தினேன். இதைக் கவனிக்க வேண்டும். தொலைந்தது என் பெண், நான் கூப்பிட்டது டீச்சரை. ஒருமுறைகூட என் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருக்கும்போல.

சரிவில் பார்த்தேன். கீழே தண்ணீர் ஓரத்தில் ஏதோ மின்னியது. எவர்சில்வர் டம்ளர், எங்கள் வீட்டு டம்ளர். உள்ளே மாவு ஒட்டியிருந்தது.

அப்புறம் நான் ஏரியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. கட்டியிருந்த லுங்கியோடு, ஆகாயத்தாமரையைக் கையால் கிழித்துக்கொண்டு, சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்றேன். வாயிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது, வார்த்தை வரவில்லை. கொஞ்சம் தள்ளி எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, “இன்னா சார் தேடிகினு கீற? செருப்பு போய்ச்சா?” என்றார்.

“குழந்தை” என்றேன்.

அவர் எருமையைத் தேய்த்துக்கொண்டிருந்த வைக்கோலைக் கீழே எறிந்துவிட்டு அப்படியே பாய்ந்தார். “நீ அங்கயே நில்லு சார், சேறு உள்ள இஸ்த்துடும், நான் பாக்கறேன்” என்று கத்திக்கொண்டே தாமரைக்கு அடியில் மூழ்கினார். அவர் போட்ட சத்தத்துக்குத் தெரு விழித்தது. யாரோ கொடிக்கம்பைக் கழற்றி எடுத்து வந்தார்கள். யாரோ ஓடிப்போய்க் கயிறு கொண்டு வந்தார்கள். கரையில் நின்ற ஒரு பெண்மணி, ஒன்றும் தெரிவதற்கு முன்பே, என் பெண்ணைப் பெயர் சொல்லி ஒப்பாரிபோல ஆரம்பித்துவிட்டார். நேற்று என்னைப் பார்த்துச் சிரிச்சியே கண்ணு என்று.

எருமைக்காரர் ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தபோது கையில் எதையோ பிடித்திருந்தார். துணி. பச்சைத் துணி. அன்று அவள் போட்டிருந்த கவுனும் பச்சைதான். அவர் இழுக்க இழுக்க அது வர மறுத்தது. அந்த ஒப்பாரிகூட நின்றுவிட்டது. பலமாக ஒரு இழுப்பு. கம்பி ஒடிந்த ஒரு பழைய குடை வந்தது. அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான கெட்ட வார்த்தையை நான் கேட்டதில்லை. ஆனால் அவர் உடனே மறுபடி மூழ்கிவிட்டார்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். பம்மலில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்திருக்கிறார். தோளில் பை. கூட்டத்தைப் பார்த்து, விஷயத்தைக் கேட்டும் ஓடி வரவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். சரிவின் மேலேயே நின்று என்னைக் கூப்பிட்டு, “சார், அவ எந்த வழியா வந்தா?” என்று கேட்டார்.

மாவில் மிதித்துவிட்டு வந்திருக்கிறாள், கால் பதிந்திருக்கிறது, வீட்டிலிருந்து பதிந்திருக்கிறது என்று குளறினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. நின்ற இடத்திலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டே தன் வீட்டுப் பக்கம் நடந்தார். ஷெட்டுக்கு முன்னால் சாக்கடைமேல் ஒரு சிமெண்டுப் பலகை போட்டிருக்கும். அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிறகு கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். நான் சேறு சொட்டச் சொட்ட ஏறி வந்தேன். பலகையில் ஒரு ஜோடிப் பாதம், வெள்ளையாக, பாதி காய்ந்து.

“இது காலா சார்?”

அவர் என் வலது கையைப் பிடித்து, விரல்களை மடக்கி முட்டியாக்கி, பக்கவாட்டில் பலகைமேல் அழுத்தி எடுத்தார். ஏரிச் சேற்றில் ஒரு பெரிய பாதம் விழுந்தது, அந்தச் சின்னப் பாதத்துக்குப் பக்கத்தில். பார்த்தால் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நிற்கிற மாதிரி இருந்தது.

“கை சார். அவ கை.” விரல்கள் பார்த்திருந்த திசையைக் காட்டினார். “பாருங்க, உள்ள போற காலு.”

அப்போதுதான் பார்த்தேன். என் வீட்டிலிருந்து வெளியே போன பாதங்கள் இங்கே ஷெட்டைப் பார்த்து இருந்தன. டீச்சர் கேட்டைத்தான் பூட்டியிருந்தார். ஷெட்டுக்குத் தெருப்பக்கம் சாக்குத் திரை மட்டும்தான், அதற்கு ஏது பூட்டு. நான் கேட்டில் நின்று ஊரைக் கூட்டியபோது அந்தத் திரை என் முழங்கைக்குப் பக்கத்தில் தொங்கியிருக்கிறது. டம்ளரில் மாவு தீர்ந்ததும் அவள் அதைப் பலகைமேல் வைத்திருப்பாள். அது சரிவில் உருண்டு ஏரிக்குப் போயிருக்கிறது. உலகத்திலேயே அன்றைக்கு ஏரிக்குப் போனது அந்த டம்ளரும் நானும்தான்.

“சத்தம் போடாதீங்க சார்” என்று சொல்லிவிட்டு டீச்சர் திரையை விலக்கினார்.

சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு, கவுனில் மாவு, முன்முடியில் மாவு. எதிரே அந்தக் கிறிஸ்துமஸ் மரம். மரத்தின் தொட்டியில் ஒரு வெள்ளைக் கை, தண்டின்மேல் ஒன்று தலைகீழாக, அட்டையைத் தாண்டிச் சுவரில் இரண்டோ மூன்றோ. பென்சில் வட்டத்துக்குள் மட்டும் ஒன்றும் இல்லை. அந்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ. கையை மூக்குக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். புளிப்பு வாசனை பிடித்திருக்க வேண்டும். இன்னொருமுறை முகர்ந்தாள். ஒரு உள்ளங்கையை இன்னொன்றோடு ஒட்டினாள், பிரித்தாள், ஒட்டினாள். வெளியே நடந்த கூச்சல் எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

“டீச்சர், ஒட்டுது” என்றாள். அழவில்லை. செய்தி சொல்கிற மாதிரி சொன்னாள்.

டீச்சர் அவளைத் தூக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை, பாராட்டவும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “ஆமா, ஒட்டும்” என்றார். புடவைத் தலைப்பால் தன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் அள்ளிக்கொள்ள நினைத்தேன். இடுப்பு வரை சேறு, கையில் பாசி, தோளில் ஆகாயத்தாமரை வேர். என் பெண் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். முகம் சுளித்தது.

“அப்பா, போய்க் கை கழுவு.”

திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் சிரித்த சிரிப்பு ஏரிக்கரையில் எதிரொலித்தது. நான்தான் முதலில் சிரித்தேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தச் சாக்கடைப் பலகைமேல் உட்கார்ந்து, வாயில் லுங்கியை வைத்துக்கொண்டு அழுதேன். எருமைக்காரர் ஈரத் தலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சிறிய பாதத்தைப் பார்த்தார், பெரிய பாதத்தைப் பார்த்தார். “மாவு கால பாத்துட்டா சார் ஏரில குத்ச்ச?” என்றார். அன்றிலிருந்து அவர் வாயில் நான் மாவு சார். ஸ்டேஷனில், மார்க்கெட்டில், ஒருமுறை என் மேலதிகாரியோடு நிற்கும்போதுகூட அப்படித்தான் கூப்பிட்டார். எனக்காக மூழ்கியவர் என்ன கூப்பிட்டாலும் தகும்.

மாலையில் மனைவி வந்து, வராந்தாவிலிருந்து சமையலறை வரை காய்ந்திருந்த பாதங்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது மாவைப் பற்றி. சொல்லி முடித்ததும் அவள் தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு பாதத்தின்மேலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். சிலதில் ஆறு விரல் இருந்தது, சிலதில் மூன்று. தீட்டு வீட்டில் பாதம் போட்டது தப்பா சரியா என்று அன்றைக்கு அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வாரம் அந்தத் தரையைத் துடைக்கவும் விடவில்லை. எறும்புகள்தான் கடைசியில் துடைத்தன.

மறுநாள் டீச்சர் மரத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டார். வட்டம் காலியாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டேன். அது அவர் போட்ட வட்டம்தானே, அவள் ஏன் அதற்குள் வைக்க வேண்டும் என்றார். என் பெண் அதற்குப் பிறகும் உடனே சோற்றைப் பிசைந்துவிடவில்லை. நிறைய நாள் கையை நீட்டி அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவே முகர்ந்து பார்த்தாள். நான் துண்டைக் கொடுக்காமல் நிற்கப் பழகினேன், அது ஏரியில் இறங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த இரண்டாவது வருஷம் டீச்சர் கணவரோடு வடக்கே போய்விட்டார். போகும் முன் அந்த அட்டையைச் சுருட்டி எங்களிடம் கொடுத்தார். மாவு உதிர்ந்து, பூச்சி அரித்து, இரண்டு வீடு மாறியதில் அதுவும் போய்விட்டது. அவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

இப்போது எங்கள் ஃபிளாட்டில் டைல்ஸ் தரை. மாவுக் கரைசல் கறை படியும் என்று பாதமெல்லாம் ஸ்டிக்கராகவே வருகிறது, தாம்பரம் மார்க்கெட்டில் பாக்கெட்டில் தொங்குகிறது. பாதம் ஒவ்வொன்றும் அச்சு அசல், எதிலும் ஆறு விரல் கிடையாது. ஒட்டுவது என் பொறுப்பு. வருஷா வருஷம் ஒரு ஜோடியை மட்டும் வெளியே பார்த்து ஒட்டிவைப்பேன், மனைவி கண்டுபிடித்துத் திட்டிவிட்டுத் திருப்பி ஒட்டுவாள். இந்த வருஷம் திட்டினாள், ஆனால் திருப்பவில்லை. பெங்களூரிலிருந்து பெண் வீடியோவில் வந்தாள். தன் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்த கையைத் திரைக்கு நேரே காட்டி, அந்தக் கதையைச் சொல்லுப்பா, நீ குதிச்ச கதை என்றாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நான் வழக்கம்போல ஏரியை ஆழமாக்கி, எருமையை இரட்டிப்பாக்கி, எல்லோரும் சிரிக்கும்படி சொன்னேன்.

சிரிப்பில்லாமல் சொன்னால் நடந்தது இவ்வளவுதான். நான் தூங்கிவிட்டேன். என் பெண் தானாக இட்லி மாவில் கையை வைத்தாள். அதைக் காட்ட டீச்சர் வீட்டுக்குப் போனாள்.